மூடியில் ஐ7, உள்ளே ஐ5: ஊருக்குப் போனபோது பார்த்தது

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் ஆரணிக்குப் போயிருந்தேன். அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. நான் போவதற்குப் பத்து நாள் முன்னால்தான், பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் அவனுக்கு 19,500 ரூபாய்க்கு டெஸ்க்டாப் வாங்கியிருந்தார்கள். அக்கா சீட்டு எடுத்த பணம் அது. "ஐ7தான் மாமா, ஆனா ரொம்ப இழுக்குது. ஃப்ரெண்டுகிட்டயும் இதே ஐ7தான், அவனுக்கு சீக்கிரம் முடிஞ்சிடுது" என்றான்.

ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் நிறுவனத்தின் புராசசர் வகைகள், ஐ7தான் மேல் ரகம். விண்டோஸில் பார்த்தால் 'கோர் ஐ7-6700' என்றுதான் இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். லாஜிக்கல் புராசசர் 4 என்று காட்டியது. அங்கேதான் சந்தேகம் வந்தது. 6700-இல் நான்கு கோர், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசை, அதாவது இரண்டு த்ரெட் ஓட்டும். எட்டு வர வேண்டும். ஒருவேளை விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் யாராவது அதை அணைத்து வைத்திருக்கலாம் என்று நினைத்து, ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போனேன். முதல் பக்கத்திலேயே 'ஐ5-6500' என்று இருந்தது.

பயாஸ், புராசசர் சிப்பிடமே நேராகப் பெயரைக் கேட்டுக் காட்டுகிறது. விண்டோஸ் காட்டுவது, அதன் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒரு வரி. அதை மாற்றி எழுத இரண்டு நிமிடம் போதும். மறுபடி பூட் ஆனால் உண்மைப் பெயர் வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் மாற்றி எழுத ஒரு சின்ன ஸ்கிரிப்டையும் ஸ்டார்ட்அப்பில் போட்டு வைத்திருந்தார்கள். சிப்பின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளை இறக்கி ஓட்டினேன். அதுவும் ஐ5-6500 என்றது. சிப்புக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் 6 எம்பி; 6700-க்கு 8 எம்பி இருக்க வேண்டும்.

ஃபேனைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு சிப்பின் உலோக மூடியைப் பார்த்தேன். ஐ7-6700 என்ற வரி மட்டும் மற்ற வரிகளைவிட வெளிறி, அதைச் சுற்றி உலோகம் தேய்த்த மாதிரி பளபளப்பாக இருந்தது. அடுத்த வரியில் எஸ்ஆர்2எல்6 என்ற குறியீடு. அது 6500-க்கு உரியது. 6700-இன் குறியீடு எஸ்ஆர்2எல்2. பெயரை மாற்றியவர்கள் குறியீட்டைத் தொடவில்லை. எஸ்-ஸ்பெக் எனப்படும் இந்தக் குறியீட்டை இணையத்தில் தேடினாலே எந்த மாடல் என்று தெரிந்துவிடும். ஆனால் கடையில் நின்று ஃபேனைக் கழற்றி மூடியைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

எனக்கு இதில் கூடுதல் அக்கறை வரக் காரணம் உண்டு. 1997-இல் சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவில் அசெம்பிளி வேலை பார்த்தவன் நான். அப்போதே பென்டியம் 133-ஐச் சுரண்டி 166 என்று அச்சடித்து விற்பார்கள். அந்த ஏமாற்றைப் பிடிப்பது நிஜமாகவே கஷ்டம். சிப்பின் வேகம் என்பது போர்டின் வேகமான 66 மெகாஹெர்ட்ஸை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கியது. மதர்போர்டில் ஜம்பரை நகர்த்தி அந்தப் பெருக்கெண்ணை 2-இலிருந்து 2.5-க்கு மாற்றினால், சிப் 166-இல் ஓடியே விடும். திரையிலும் 166 என்றுதான் வரும். காலையில் நன்றாக இருக்கும், மதிய வெயிலில் ஹேங் ஆகும். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார், நாங்கள் ரேமை மாற்றிப் பார்ப்போம், விண்டோஸை மறுபடி ஏற்றுவோம். பிறகு இன்டெல் அந்தப் பெருக்கெண்ணைப் பூட்டியதற்கு இந்த ரீமார்க்கிங் தொல்லையும் ஒரு காரணம். இன்றைய சிப் தன் பெயரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மூடியை மாற்றலாம், விண்டோஸை ஏமாற்றலாம், ஆனால் பயாஸில் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் கேட்பதில்லை என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

மறுநாள் கடைக்குப் போனோம். "எங்களுக்கு லாட்டா வருது சார், நாங்க ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்குறதில்ல" என்றார் கடைக்காரர். அப்புறம் பில்லைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'. இந்த வரியைப் பார்த்தே பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். எங்களுக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் கடையின் மானிட்டரிலேயே இணைத்து பயாஸைக் காட்டினேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறோம் என்றும் சொன்னேன். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு 15,000 கையில் கொடுத்தார். மீதி நான்கு நாள் கழித்து அக்காவின் ஜிபேயில் வந்தது.

அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் புதிதாகவே வாங்கலாம் என்று இருவரும் சென்னைக்குப் போனோம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். முதல் கடையில் ஐ5-12400 மற்ற இடங்களைவிட 2,000 ரூபாய் குறைவு. பெட்டி இல்லாத டிரே சிப், பில் வேண்டாம் என்றால் அந்த விலை. டிரே என்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது. ஆனால் இன்டெலின் மூன்று வருட வாரன்டி பெட்டியோடு வருவதற்குத்தான். டிரேக்கு விற்றவர்தான் பொறுப்பு. ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். "பணம் கட்டிட்டு பாத்துக்கலாம் சார்" என்றார்கள். வந்துவிட்டோம்.

இரண்டாவது, மாடியில் ஒரு குறுகலான கடை. இருபத்தைந்து வயது இருக்கும் தம்பி ஒருவர். பெட்டியின் ஸ்டிக்கரில் எஃப்பிஓ என்ற பேட்ச் எண், ஏடிபிஓ என்ற சீரியல் எண் இரண்டும் இருக்கும். அவற்றை இன்டெலின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும், தன் போனையே நீட்டினார். மாடல் சரியாக வந்தது. அப்புறம் எங்கள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, மூடியில் உள்ள பேட்ச் எண் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்று அக்கா மகனையே படிக்கச் சொன்னார். டெஸ்ட் போர்டில் வைத்து பயாஸ் வரை ஓட்டிக் காட்டினார். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்தான். "எல்லாரும் இப்படிக் கேட்டா எங்களுக்கும் நல்லதுதான் சார், அப்புறம் சண்டை வராது" என்றார். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

பேச்சுவாக்கில், இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் புராசசர் பற்றியும் கேட்டேன். 2017-இல் வெளிநாட்டில் சிலர் ஆன்லைனில் வாங்கிய ரைசன் பெட்டிக்குள் பழைய இன்டெல் சிப், மேலே ரைசன் ஸ்டிக்கர் இருந்தது. அதை அடியில் பார்த்தே பிடித்துவிட்டார்கள். அப்போதைய ரைசனுக்கு அடியில் 1331 ஊசி இருக்கும், அந்த இன்டெல் சிப்புக்கு ஊசியே கிடையாது. இப்போது வரும் ஏஎம்5 வகை ரைசன் சிப்புக்கும் அடி தட்டைதான் என்பதால் அந்த அடையாளம் போய்விட்டது. "அதனாலதான் சார், ரைசனையும் போர்டுல வச்சுத்தான் குடுக்கிறேன்" என்றார் அந்தத் தம்பி.

கடையின் பெயரை அக்கா மகன் குறித்துக்கொண்டான். அவன் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் கம்ப்யூட்டர் வாங்க இருக்கிறார்களாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் அவனே போகப் போகிறான்.