25 பழங்காசுகள், ஒரே பொட்டலம்: வாங்கிப் பார்த்த அனுபவம்

பல நாட்டுப் பழங்காசுகளைக் கலந்து ஒரே பொட்டலமாக இணையத்தில் விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருந்தால் 5 நட்சத்திரம் கொடுத்திருப்பேன், இரண்டாவது வாரம் எழுதியிருந்தால் 1 தான் கொடுத்திருப்பேன். எல்லாக் காசையும் சுத்தம் செய்து, எடை போட்டு, முடிந்தவரை படித்தும் பார்த்த பிறகு இப்போது 3 என்று வந்து நிற்கிறது. விற்றவரின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே மாதிரிப் பொட்டலத்தை நிறைய பேர் விற்கிறார்கள், நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவர்கள் எல்லோருக்குமே பொருந்தும்.

உள்ளே இருந்தவை: கழுவாத ரோமானிய வெண்கலக் காசு 15, சதுர ஓட்டை போட்ட சீனக் காசு 4, ஒட்டோமான் (பழைய துருக்கிப் பேரரசு) செம்புக் காசு 5, அப்புறம் விளம்பரப் படத்தில் பெரிதாகக் காட்டியிருந்த ஏதென்ஸ் ஆந்தை வெள்ளிக் காசு 1.

முதலில் அந்த ஆந்தையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு பக்கம் அதீனா தேவியின் தலை, மறுபக்கம் ஆந்தை, பக்கத்தில் ஆலிவ் கிளை, பிறை நிலா, மூன்று கிரேக்க எழுத்து. எல்லாம் இருக்கிறது, படத்தில் பார்த்தால் அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஏதென்ஸின் இந்த வகைக் காசு, அதாவது நான்கு திராக்மா (பழைய கிரேக்க நாணய அலகு) காசு, சுமார் 17.2 கிராம் இருக்க வேண்டும், இது தராசில் 12 கிராம் கூட வரவில்லை. விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது, இரண்டு பாதி அச்சை ஒட்டி உலோகத்தை ஊற்றினால் வரும் கோடு. அசல் ஆந்தையை ஊற்றிச் செய்யவில்லை, அச்சுக்கு நடுவே வெள்ளித் துண்டை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். அடித்த காசில் இப்படி ஒரு இணைப்புக் கோடு வர வழியே இல்லை. எழுதிக் கேட்டேன். "பிரதி என்று குறிப்பில் போட விட்டுப்போய்விட்டது" என்று பதில் வந்தது, அந்தக் காசுக்கான தொகையைத் திருப்பியும் தந்துவிட்டார்கள். பணம் வந்தது சரி, ஆனால் படத்தைப் பார்த்தே வாங்குகிற புதியவர் ஒருவர் அதை அசல் என்று நம்பி ஆயுள் முழுக்கப் பெட்டிக்குள் வைத்திருப்பாரே, அந்த நினைப்பில்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்காமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கவே இறங்காதீர்கள்.

சரி, ரோமானியக் காசுகளுக்கு வருவோம். இந்தப் பொட்டலத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. 15 காசும் மண் கட்டியாகத்தான் வந்தன. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, பல் குத்தும் மரக்குச்சியால் துளித் துளியாக மண்ணை எடுத்தேன். கம்பித் தூரிகை, அமிலம், உலோகத்தைப் பளபளக்க வைக்கும் பசை எதையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். வெண்கலத்தின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தப் பச்சை, பழுப்புப் படலத்தில்தான் எழுத்தின் வடிவமே நிற்கிறது, அதைச் சுரண்டினால் அடியில் வெறும் செம்புக் குழிகள்தான் இருக்கும். 'கழுவாதவை' என்று எழுதி விற்ற இந்த 15-இல் மூன்று காசுகளை யாரோ ஏற்கெனவே அமிலத்தில் போட்டு எடுத்து, ஒன்றும் தேறவில்லை என்று திரும்ப மண்ணைப் பூசிக் கலந்துவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மண் சட்டென்று கரைந்தது, உள்ளே இளஞ்சிவப்பாகப் பளபளப்பு, ஒரு எழுத்துகூட இல்லை.

மீதி 12. அதில் ஐந்தில் பின்பக்கப் படம் மட்டும் தெரிகிறது, யார் வெளியிட்டார் என்று சொல்ல முடியவில்லை. ஏழு காசை அரசர், அக்கசாலை (காசு அடித்த இடம்) வரைக்கும் அடையாளம் கண்டேன். 15-க்கு ஏழு என்பது மோசமில்லை, இதில் விற்றவரைப் பாராட்ட வேண்டும்.

எல்லாமே நான்காம் நூற்றாண்டு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசுகள்தான் அதிகம், இந்த மாதிரிப் பொட்டலம் எதை வாங்கினாலும் பெரும்பாலும் அவைதான் இருக்கும், அவ்வளவு அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். தலைப்பக்கத்து எழுத்தைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பா கான்ஸ்டன்டினஸ், மகன்கள் கான்ஸ்டன்டினஸ், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். நடுவில் ஓரிரு எழுத்து மண்ணில் மறைந்திருந்தால் ஆளே மாறிப்போகும். ஒரு காசை இரண்டு வாரம் அப்பா என்று எழுதிவைத்திருந்தேன், ஒரு நாள் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துளி மண் விழுந்ததும் அது நடு மகன் என்று தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, பின்பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் நிற்கும் வகை. 'படையின் புகழ்' என்று பொருள் தரும் இலத்தீன் எழுத்து சுற்றிலும் இருக்கும். இதில் ஒரு காசில் சிப்பாய்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள், இன்னொன்றில் ஒரே கொடி. ஓவியரின் விருப்பம்போல என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்புறம் எடை போட்டபோது இரண்டு கொடிக் காசு 2.4 கிராம், ஒரு கொடிக் காசு 1.5 கிராம். தேடிப் படித்ததில், 330 வாக்கில் தொடங்கிய இரண்டு கொடி வகையை 335 வாக்கில் நிறுத்தி, காசைச் சின்னதாக்கி, கொடியையும் ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய பேரரசர் டயோக்ளீஷியன் 294 வாக்கில் கொண்டுவந்த பெரிய வெண்கலக் காசு சுமார் 10 கிராம் இருந்தது. ஒரு மனிதர் பிறந்து நடுவயதுக்கு வருவதற்குள் பையில் இருந்த காசு ஆறில் ஒரு பங்காக இளைத்துவிட்டிருக்கிறது. பணவீக்கத்தைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், ஆனால் என் தராசிலேயே அது நடந்ததைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. இந்த ஒன்றுக்காகவே பொட்டலத்துக்குக் கொடுத்த காசு தகும்.

அந்த ஒரு கொடிக் காசின் அடியில், சிப்பாய்களின் காலுக்குக் கீழே எஸ்.எம்.கே. என்று மூன்று எழுத்து, கடைசியில் காமா என்ற கிரேக்க எழுத்து. எஸ்.எம். என்றால் 'புனித நாணயம்', கே என்றால் சிசிகஸ், இன்றைய துருக்கியில் மர்மரா கடலின் தென்கரையில் இருந்த ஊர். காமா மூன்றாவது பட்டறையைக் குறிக்கும். எந்த ஊர், எத்தனையாவது பட்டறை என்பது வரைக்கும் விரல் நகத்தளவு வெண்கலம் சொல்கிறது. இதைக் கண்டுபிடிக்க உதவியது அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் ஓக்ரே என்ற இணையப் பட்டியல். கட்டணம் கிடையாது. பொது ஆண்டுக்கு முன் 31-இல் அகஸ்டஸ் தொடங்கி 491-இல் ஜீனோ இறக்கும் வரைக்குமான ரோமப் பேரரசுக் காசு வகைகள் அதில் இருக்கின்றன. தெரிகிற நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடினாலும் பட்டியலைச் சுருக்கித் தருகிறது. பொட்டலத்துக்கு 3 என்றால் ஓக்ரேவுக்குத் தயங்காமல் 5 கொடுப்பேன்.

சீனக் காசு நான்கும் நல்ல நிலையில் இருந்தன. இரண்டு ஒரே வகை, வட சோங் அரச மரபின் காலத்தில் யுவான்ஃபெங் என்ற ஆட்சிப் பெயரோடு வந்தவை, 1078 முதல் 1085 வரை. அதே நான்கு எழுத்து ஒன்றில் முத்திரை எழுத்து வடிவத்தில், இன்னொன்றில் ஓட்டமாக எழுதும் வடிவத்தில். இப்படி ஜோடியாக வெளியிடுவது அப்போது வழக்கம். பொட்டலத்தில் வேண்டுமென்றே ஜோடி சேர்த்தார்களா, தற்செயலா தெரியாது, எப்படியானாலும் மகிழ்ச்சி. ஒன்று கவனியுங்கள், சீனக் காசுகளை அடிக்கவில்லை, ஊற்றித்தான் செய்தார்கள். அதனால் விளிம்பில் அரம் போட்ட தடம் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆந்தைக் காசைக் காட்டிக்கொடுத்த வார்ப்பு அடையாளம் இங்கே இயல்பானது.

ஒட்டோமான் காசுகளில் குறிப்புச் சீட்டு தவறு. ஐந்து சீட்டிலும் '1839' என்று எழுதியிருந்தது. காசில் இருக்கும் 1255 என்ற ஹிஜ்ரி ஆண்டை மாற்றினால் 1839 வருவது உண்மைதான், ஆனால் அது சுல்தான் அப்துல்மெஜித் பட்டமேறிய ஆண்டு. அடித்த ஆண்டு அதுவல்ல. காசில் தனியாக இன்னொரு சின்ன எண் இருக்கும், ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்று. என் காசு ஒன்றில் 19. அப்படியானால் 1273, அதாவது 1856 அல்லது 1857. காசு விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாமா?

பொதிந்து அனுப்பிய விதமும் சரியில்லை. ஒட்டோமான், சீனக் காசுகளை மெத்தென்ற பிவிசி உறையில் போட்டிருந்தார்கள். பிவிசி நாளாக நாளாக அமிலத்தைக் கசியவிடும், காசின் மேல் பச்சைப் பிசுபிசுப்பு வரும். வந்த அன்றே மைலார் (பிவிசி இல்லாத பாலியெஸ்டர்) உறைக்கு மாற்றிவிடுங்கள். ரோமானியக் காசு ஒன்றில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கிறது, துடைத்தால் சில நாளில் திரும்ப வருகிறது. அது சாதாரணக் களிம்பு இல்லை, வெண்கல நோய். உள்ளே மாட்டிக்கொண்ட குளோரைடு, ஈரம் பட்டால் அமிலமாகி உலோகத்தைத் தின்னும். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் ஊறவைத்திருக்கிறேன். பிழைக்குமா பார்ப்போம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடிய குறைகள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. இந்த 15 காசும் எங்கே கிடைத்தன என்று கேட்டேன். 'ஐரோப்பா' என்று ஒரே வார்த்தையில் பதில்.

2010-இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஃப்ரோம் அருகே உலோகங்காட்டி வைத்துத் தேடிய ஒருவருக்கு ஒரு பானை தட்டுப்பட்டது. அவர் தோண்டி அள்ளாமல் நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். 52,503 ரோமானியக் காசுகள். அவர்கள் பானையை அடுக்கடுக்காகக் காலி செய்தார்கள். புதையலில் கடைசிக் காலத்தைச் சேர்ந்த கராசியஸ் என்ற அரசரின் காசுகள் மேலே இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவற்றில் பெரும்பகுதி பானையின் பாதிக்கும் கீழே இருந்தது. ஆண்டாண்டாகச் சேர்த்த சேமிப்பு இல்லை, பானையை வைத்து ஒரே தடவையில் கொட்டியிருக்கிறார்கள் என்று அதிலிருந்துதான் புரிந்தது. அள்ளிக் கழுவிப் பொட்டலம் போட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

என் சிசிகஸ் காசு எந்தப் பானையில் இருந்தது, எந்த அடுக்கில் இருந்தது, கூட என்ன இருந்தது? அது போயே போய்விட்டது, நான் எவ்வளவு பொறுமையாக மண்ணை எடுத்தாலும் திரும்பி வராது. சட்டப்படியும் இது சின்ன விஷயம் இல்லை. பண்பாட்டுச் சொத்துகளைக் கள்ளத்தனமாகக் கடத்துவதைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்குப் பிறகு பல நாடுகள் இதில் கறாராக இருக்கின்றன. 2020-இல் லண்டனில் ஏலம் போன, சீசர் கொலையைக் கொண்டாடி புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு, வந்த வழியைப் பற்றிய தாள்கள் பொய் என்று தெரிந்து 2023-இல் கிரீஸுக்குத் திரும்பிப் போனது. இரண்டாவது நட்சத்திரம் போனது இதனால்தான்.

அதனால் இதே பொட்டலத்தை இன்னொரு தடவை வாங்க மாட்டேன். படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு தடவை வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து வந்தது, பழைய சேகரிப்பா, ரசீதோ ஏலப் பட்டியலோ இருக்கிறதா? படத்தில் இருக்கும் பெரிய காசின் எடை என்ன? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். நான் அடுத்து வாங்கப்போவது ஒரே ஒரு காசு, பழைய சேகரிப்பாளரின் கையெழுத்துச் சீட்டோடு வரும் ஓநாய்க் காசு. ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகள் பால் குடிக்க, மேலே இரண்டு நட்சத்திரம் இருக்குமே, அது. என் 15-இல் பின்பக்கம் மட்டும் தெரிந்த ஐந்தில் ஒன்று அந்த வகைதான், ஆனால் தேய்ந்துபோய் ஓநாயின் முதுகு மட்டும்தான் தெரிகிறது.