லேபிளில் தேதி எழுதி வைத்த ஆறு வருஷம்

2019 ஜூன் மாதம், பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போதுதான் அந்தக் கடைக்கு முதன்முதலாகப் போனேன். பையன் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் போடும் டீ-ஷர்ட் எல்லாம் அவனுக்குத் தொப்புளுக்கு மேலே ஏறிவிட்டது. ஈரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் குறைந்த விலைத் துணிக்கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. ஐந்து டீ-ஷர்ட்டும் இரண்டு டிரவுசரும் எடுத்து, இரண்டாயிரத்துக்குள் பில் போட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து எங்கள் நான்கு பேரின் அன்றாட உடுப்பில் முக்கால்வாசி அங்கேதான் வாங்குகிறோம்.

கடையின் பெயர் இங்கே தேவையில்லை. 2016இல் டாடா குழுமத்தின் ட்ரென்ட் நிறுவனம் ஸூடியோ என்ற துணிக்கடையைத் தொடங்கியது, 2023இல் ரிலையன்ஸின் யூஸ்டா வந்தது. இடையில் இன்னும் எத்தனையோ. எல்லாமே ஏறக்குறைய ஒரே விலை, ஒரே மாதிரி அடுக்கு. நான் சொல்லப்போவது எந்தக் கடைக்கும் பொருந்தும்.

கனி ஜவுளி மார்க்கெட் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இங்கே ஏன் போகிறாய் என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். வேலை முடிந்து ராத்திரி ஏழரை மணிக்குப் போனாலும் நிதானமாகப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கலாம், பேரம் கிடையாது, பிடிக்கவில்லை என்றால் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வரலாம். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

முதல் வருஷம் நிறைய ஏமாந்தேன். ஒரு நீல டீ-ஷர்ட்டின் பக்கத் தையல் நான்கு சலவையில் திரும்பிப் பையனின் வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. மெரூன் குர்தி ஒன்று வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை இரண்டைச் சாயமாக்கியது. அதே கடையில் அதே வாரம் எடுத்த சாம்பல் நிற டீ-ஷர்ட்டோ அப்படியே இருந்தது. விலை ஒன்றுதான், நீலம், சாம்பல் இரண்டும் 199 ரூபாய். இது என்ன கணக்கு என்று புரியவில்லை.

புரியவைத்தது திருப்பூரில் இருக்கும் பெரியம்மா. இருபது வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு வந்தவர் என் துணி மடிப்பிலிருந்து ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து, முதல் வேலையாக உள்பக்கத்தை வெளியே திருப்பினார். "வெளிப்பக்கம் கடைக்காரனுக்கு, உள்பக்கம்தான் கண்ணு நமக்கு" என்றார். தோள்பட்டையில் கழுத்தை ஒட்டி ஒரு நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்று பார்த்தார். அது இல்லாவிட்டால் கழுத்து சீக்கிரம் தொங்கிப் போகும். ஓரம் பிரியாமல் இருக்க உள்ளே போடும் ஓவர்லாக் தையலை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பார்த்தார்; நடுவில் நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தால் தையல் தளர்வு. அப்புறம் இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்து டீ-ஷர்ட்டைத் தொங்கவிட்டார். பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். கடையிலேயே கொஞ்சம் சாய்ந்து தெரிந்தால், தண்ணீரில் போட்டதும் இன்னும் திரும்பும். நூலில் இருக்கும் முறுக்கு தண்ணீரில் தளரப் பார்ப்பதால் அப்படி ஆகிறதாம். கடைசியாக, துணிக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்தார். விரல் ரேகை தெரிகிற அளவு மெலிதாக இருந்தால் வேண்டாம் என்றார். ஜி.எஸ்.எம். என்று கம்பெனியில் சொல்வது இதைத்தான், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 180 இருந்தால் டீ-ஷர்ட்டுக்கு நல்ல கனம். லேபிளில் அதைப் போடுவது அபூர்வம், கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பொங்கலிலிருந்து இன்னொரு பழக்கமும் வந்தது. புதுத் துணி வாங்கியதும், உள்ளே பக்கத் தையலில் இருக்கும் துவைக்கும் குறிப்பு லேபிளின் பின்புறம் அழியாத மையில் மாதமும் வருஷமும் எழுதிவிடுவேன். வண்ணான் குறி மாதிரி. துணியைக் கழித்துக் கட்டும்போது அந்தத் தேதியைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளின் பருத்தி டீ-ஷர்ட்தான் இந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது. பையன் ஒன்றேகால் வருஷம் போடுகிறான், அதற்குள் வளர்ந்துவிடுகிறான், பிறகு மகள் இரண்டு வருஷம் போடுகிறாள். 199 ரூபாய் துணி மூன்று வருஷம் உழைத்தால் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? முதல் நாள் வாங்கிய அந்தச் சாம்பல் டீ-ஷர்ட்டை மகள் போன வருஷம் வரை போட்டாள். முழங்கை உயரத்தில் லேசாக உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டியது, அவ்வளவுதான்.

குர்தி விஷயத்தில் என் கருத்து பாதிப் பாதி. ரேக்கில் ரேயான்தான் அதிகம். மாட்டியிருக்கும்போது அழகாக விழும், வெயிலுக்கும் சுகம். ஆனால் ரேயான் நனைந்தால் வலு குறையும். மற்ற துணி மாதிரி முறுக்கிப் பிழிந்ததில் அக்குளில் தையலோரம் கிழிந்தவை மட்டும் என் நோட்டில் நான்கு இருக்கின்றன. இப்போது தண்ணீரோடு எடுத்து நிழலில் போடுகிறேன், இரண்டு வருஷம் வருகிறது. நீளத்தில் ஒரு அங்குலமாவது சுருங்கும் என்று கணக்குப் போட்டே அளவு எடுக்க வேண்டும். அடர் நிறமாக இருந்தால் கைக்குட்டையின் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து, உள் மடிப்பில் பத்துத் தடவை தேய்த்துப் பார்ப்பேன். சாயம் ஒட்டினால் எவ்வளவு பிடித்திருந்தாலும் வைத்துவிடுவேன்.

லெக்கிங்ஸ் வேண்டாம். ஆறு மாதத்தில் முழங்கால் உப்பிவிடுகிறது.

ஜீன்ஸ் வீட்டுக்காரருக்கு மூன்று எடுத்தோம், மூன்றும் தொடையில் ஒரே இடத்தில் தேய்ந்தன. முன்பு ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ள உடுப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை 5 சதவீதம் என்று ஆகிவிட்டது. அதனால் ஜீன்ஸை மட்டும் வேறு கடையில் 1500 ரூபாய்க்கு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம்.

அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே மாடல், ஒரே எம் சைஸ், கறுப்பும் வெள்ளையும் எடுத்தேன். கறுப்பு இறுக்கிப் பிடித்தது, வெள்ளை தொளதொளத்தது. பெரியம்மாவிடம் கேட்டதற்கு, துணியை அடுக்கடுக்காக விரித்து மொத்தமாக வெட்டும்போது மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வித்தியாசம் வரும், சாயம் ஏறும் விதத்திலும் சுருக்கம் மாறும் என்றார். ஆகவே ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அதே அளவில் இன்னொரு நிறத்தை நம்பி எடுக்காதீர்கள், அதையும் போட்டுப் பாருங்கள். ஞாயிறு சாயங்காலம் டிரையல் ரூமில் நிற்கவே இடம் இருக்காது. செவ்வாய், புதன் காலையில் போனால் வரிசையே கிடையாது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் அந்தப் பக்கமே போவதில்லை.

பில் சீட்டு வெப்பத்தாளில் வருவதால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கியதும் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை பையனின் டிரவுசர் ஜிப் மூன்றாம் நாளே போய், மாற்றப் போனால் எழுத்தே தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பர்ஸில் சாவியோடு கிடந்து உரசிய சீட்டு. மனது கஷ்டமாகிவிட்டது. பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாதென 2023இலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் இப்போது எங்கள் கடையில் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. துணி மடிக்கும் பெண் பிள்ளைகள் காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி வரை நிற்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. எங்கள் கடையில் டிரையல் ரூம் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்த துணிதான் குவிந்திருக்கும். போன மாதம் அந்த இடத்தில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். "உட்காரலாம்க்கா, ஆனா இதை எங்க வெக்கறது?" என்றாள். கருத்துப் படிவத்தில், துணி போட ஒரு கூடை வையுங்கள், ஸ்டூலைக் காலியாக விடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் கூடை வரவில்லை. அடுத்த தடவை மேலாளரையே பார்த்துக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.