எஃப்ஏஏ லைசென்ஸை இந்திய சிபிஎல் ஆக்குவது: டிஜிசிஏ சேவை எப்படி, எங்கே மாட்டும்?

அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ-விடம் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி ஊர் திரும்புபவர் அதை இந்திய லைசென்ஸாக (சிபிஎல்) மாற்ற, இங்குள்ள விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்கும் பட்டியல் நீளமில்லை. நேவிகேஷனும் மெட்டும் (வானிலையியல்) சேர்ந்த காம்போசிட் தேர்வுத் தாள், ஏர் ரெகுலேஷன் தாள், ஆர்டிஆர் (விமான ரேடியோ பேசுவதற்கான உரிமம்), கிளாஸ் 1 மெடிக்கல், எக்ஸாமினர் முன் விமானம் ஓட்டிக் காட்டும் செக். டெக்னிக்கல் தாள் கிடையாது. தாள்களில் 70 சதவீதம் எடுத்தால் பாஸ். படித்தால் தாண்டிவிடலாம். ஆட்களைக் கவிழ்ப்பது பறந்த மணிகளை எழுதிவைக்கும் லாக்புக்தான்.

அமெரிக்க விதி 61.51-இன்படி, ஓட்ட உங்களுக்கு ரேட்டிங் (தகுதிச் சான்று) உள்ள விமானத்தை நீங்கள் ஓட்டினால், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருந்தாலும் அந்த நேரத்தை பிஐசி (பைலட் இன் கமாண்ட், பொறுப்பு விமானி) என்று எழுதிக்கொள்ளலாம். அதே மணி டூயல் (இன்ஸ்ட்ரக்டருடன் பறந்த பயிற்சி) கட்டத்திலும் ஏறும். இங்கே அது டூயல் மட்டுமே. நண்பர் வெளியே தெரியாதபடி ஹூட் போட்டுக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க, நீங்கள் வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட்டாக உட்கார்ந்த மணியும் அங்கே பிஐசி ஆகலாம்; இங்கே செல்லாது. உதாரணத்துக்கு, லாக்புக் 130 மணி பிஐசி காட்டுகிறது. அதில் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி டூயல் 35, சேஃப்டி பைலட் 25. கழித்தால் மிஞ்சுவது 70. டிஜிசிஏ கேட்பது 100 மணி பிஐசி. இருவர் ஒரே விமானத்தில் மணியைப் பங்கு போடும் மலிவு 'டைம் பில்டிங்' திட்டங்கள் இந்தியாவுக்குத் திரும்புபவருக்கு லாபமே இல்லை.

எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டத்தில் நடக்கும் 'பார்ட் 141' பள்ளியில் 190 மணியிலேயே லைசென்ஸ் கிடைத்துவிடும். இங்கே மொத்தம் 200 வேண்டும். அந்தப் பத்து மணியை அங்கேயே பறந்துவிட்டு வாருங்கள். 300 கடல் மைல் கிராஸ் கண்ட்ரியில் (ஊர் விட்டு ஊர் பறக்கும் நீண்ட பயணம்) இரண்டு வேறு ஏரோட்ரோம்களில் இறங்கி முழுதாக நிற்கும் ஃபுல் ஸ்டாப் லேண்டிங் இருக்க வேண்டும், தரையைத் தொட்டதும் நிற்காமல் மேலேறும் டச் அண்ட் கோ எடுபடாது. ரிமார்க்ஸ் கட்டத்தில் 'ஃபுல் ஸ்டாப்' என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அடுத்த கண்ணி ஆறு மாதக் கணக்கு. விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்தில் 15 மணி பிஐசியாகப் பறந்திருக்க வேண்டும். இரவில் பத்து டேக் ஆஃப், பத்து லேண்டிங்கும் அதே காலத்துக்குள். ஊருக்கு வந்து பரீட்சைக்கும் ஆர்டிஆருக்கும் காத்திருந்தால் இது காலாவதியாகிவிடும். மறுபடி பறக்க வேண்டும், மறுபடி பணம். அதனால் கிளாஸ் 2, கிளாஸ் 1 மெடிக்கலையும் ஏர் ரெகுலேஷன் தாளையும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே முடிப்பது புத்திசாலித்தனம். ஆர்டிஆர் தேர்வை முன்பு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தியது. 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் அதை டிஜிசிஏ பக்கம் கொண்டுவந்தது. பழைய வீடியோக்களைப் பார்த்து அலையாதீர்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கென்றே வைத்த ஆப்பு. மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, எஃப்ஏஏ அட்டையில் வேறு வரிசை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் அமெரிக்க விசாவில் முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முன்பெயர் தெரியாது) என்று விழும். அது அப்படியே லைசென்ஸுக்கும் போய்விட்டால் மூன்று காகிதத்தில் மூன்று ஆள். எஃப்ஏஏ விண்ணப்பம் நிரப்பும்போதே பாஸ்போர்ட்டையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உண்மையானதுதானா என்பதை ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பிரிவு உறுதி செய்ய வேண்டும். அதற்கு உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. இதை முதல் வாரமே அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் டிஜிசிஏவின் இணையதளமான இ-ஜிசிஏவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. ஃபைல் தூக்கிக்கொண்டு டெல்லி போன காலத்தை நினைத்தால் பெரிய நிம்மதி. 2025 பிப்ரவரியிலிருந்து லைசென்ஸே மின்னணு வடிவில் வருகிறது. ஆனால் மேலே சொன்ன பிஐசி கணக்கைப் பறக்கும் முன்பே ஒருவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே வழியில்லை. அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன். இன்னொன்று பெயர்க் குழப்பத்துக்கு.

லைசென்ஸ் மாற்றத்துக்கான கன்வெர்ஷன் 'பேக்கேஜ்' விற்கும் இந்தியப் பள்ளிகளிடம் முன்பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். இரட்டை இன்ஜின் விமானம் எத்தனை, இன்று பறக்கும் நிலையில் எத்தனை? ரன்வே விளக்கு எத்தனை மணி வரை? எக்ஸாமினர் கட்டணமும் லேண்டிங் கட்டணமும் தொகைக்குள் அடங்குமா? விமானம் மெயின்டனன்ஸில் நின்று ஆறு மாதம் தாண்டினால் திரும்பப் பறக்கும் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்கு வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள்.