படமா, ஆளா? விக்கிப்பீடியாவுக்கு அருங்காட்சியகம் எதைத் தரலாம்?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் சுமார் 3,75,000 படங்களை எந்த உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்துவிட்டது. யாரும் எடுத்து விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம். வேகமான வழிதான். ஆனால் அந்தப் பொருளைப் பற்றி எழுத ஆளில்லாவிட்டால் படம் கிடங்கிலேயே தூங்கும்.

லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2010-இல் வேறு வழியில் போனது. லியம் வயட் என்ற விக்கிப்பீடியரை 5 வாரம் உள்ளே அழைத்து, காப்பாட்சியர்களோடு உட்கார வைத்தது. இங்கிலாந்தில் கிடைத்த ரோமானியர் காலத்து ஹாக்ஸ்ன் புதையல் பற்றிய கட்டுரையை இரு தரப்பும் கூடி வளர்த்தார்கள். எந்த நூலைப் பார்க்க வேண்டும், எந்தத் தேதி தவறு என்று பக்கத்திலிருந்தே சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய வரம்! கட்டுரைகள் குறைவாகத்தான் வரும், சரி. அப்படியும் ஒரு சிறிய நூலகம் கேட்டால் இதையே சொல்வேன்: ஸ்கேனர் வாங்கக் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம், விவரம் தெரிந்த நூலகர் ஒருவரை வைத்தே தொடங்கிவிடலாம்.