கிளவுடுக்கு மாறி 27 மாதம்: ஒரு பக்கம் திறக்க 614 கேள்வி

போன வாரம் இன்னொரு நகராட்சியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் போன் செய்தார். "எங்க ஆபீஸ்லயும் கிளவுடுக்குப் போகலாம்னு ஃபைல் நகருது. நீங்க ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டிட்டீங்க. மாறலாமா, சொல்லுங்க." பத்து நிமிடத்தில் ஒரு பதிலைச் சொல்லி போனை வைத்துவிட்டேன். அது சரியான பதில்தானா என்ற யோசனை அன்றிலிருந்து விடவில்லை. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். கிளவுட் என்றால், சொந்த அறையில் சர்வர் வைக்காமல், வேறொரு நிறுவனத்தின் தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்து இணையம் வழியாகப் பயன்படுத்துவது.

எதற்காக மாறினோம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். எங்களுடையது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் தனிக் கட்டணம் கட்டினால்தான் வரும் என்ற நிலை. அட்லாண்டா நகர நிர்வாகம் 2018-லும் பால்டிமோர் 2019-லும் ரேன்சம்வேரில் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) மாட்டி வாரக்கணக்கில் தவித்ததைப் படித்தவன், ஓட்டை விழுந்த சர்வரில் ஊர் மக்களின் பதிவுகளை வைத்துக்கொண்டு தூங்க முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே, ஆகஸ்டில் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் தூக்கி கிளவுடில் வைத்தோம். மென்பொருள் நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை, இருந்ததை அப்படியே தூக்கி வைத்தோம். இந்த 'அப்படியே' என்ற சொல்லைத்தான் 26 மாதம் அனுபவித்தோம்.

மாறிய முதல் திங்கட்கிழமை, வரி கவுன்டரில் இருக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, நம்பர் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு." போய்ப் பார்த்தேன். மதிப்பீட்டு எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் வட்டம் சுற்றுகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன், 13 வினாடி. பழைய சர்வரில் என்டரிலிருந்து விரல் எடுப்பதற்குள் வந்து நிற்கும் பக்கம் அது.

13 வினாடி ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றலாம். ஒரு டோக்கனுக்கு அந்தப் பக்கத்தை மூன்று முறை திறக்க வேண்டும்: பாக்கி பார்க்க ஒரு முறை, பணம் வாங்கியதைப் பதிய ஒரு முறை, ரசீது எடுக்க ஒரு முறை. ஆக 40 வினாடி. ஒரு கவுன்டரில் நாளுக்கு 180 டோக்கன். கணக்குப் போட்டால் ஒவ்வொரு கவுன்டரிலும் தினம் 2 மணி நேரம், வெறும் வட்டத்தைப் பார்த்தபடி போகிறது. எதிரே நிற்பவர்கள் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவர்கள். கையில் குழந்தையோடு நிற்பவர்கள். அவர்களுக்கு சர்வர் எங்கே இருக்கிறது என்பதா கவலை?

மென்பொருளையும் சர்வரையும் பார்த்துக்கொள்ளும் வெண்டரிடம் சொன்னோம். இணைய லைன் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். இரண்டு மடங்காக்கினோம், அதே 13 வினாடி. சர்வரின் திறன் போதவில்லை என்றார்கள். சர்வரின் சிபியூவை 4 கோரிலிருந்து 16 கோருக்கு ஏற்றினோம், அப்போதும் 13. கூட்டத்தில் கண்காணிப்புத் திரையைக் காட்டினார்கள். சிபியூவுக்கு 8 சதவீதம்தான் வேலை, எல்லா இடத்திலும் பச்சை விளக்கு. ஒப்பந்தத்தில் இருந்தது 99.9 சதவீத நேரம் சர்வர் ஓட வேண்டும் என்பது, அதாவது மாதத்துக்கு 43 நிமிடம் வரை நிற்கலாம். எங்கள் சர்வர் அவ்வளவு நேரம்கூட நிற்கவில்லை. மெதுவாக ஓடுவதும் அந்தக் கணக்கில் ஓடுவதுதான். மேசைக்கு இந்தப் பக்கம் அக்காவும் நானும் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து, பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸில் டிரேஸ் (மென்பொருள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் காட்டும் வசதி) போட்டுவிட்டு ஒரே ஒரு மதிப்பீட்டு எண்ணைத் தட்டினேன். திரையில் கேள்விகள் ஓட ஆரம்பித்தன. நிற்கவே இல்லை. எண்ணிப் பார்த்தால் 614. அந்தக் கட்டடத்துக்கு 48 தவணைகள் பதிவில் இருந்தன. மென்பொருள் முதலில் தவணைப் பட்டியலை வாங்குகிறது. பிறகு ஒவ்வொரு தவணைக்கும் திரும்பப் போய் கேட்பு (கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, ரசீது எண் என்ன, அபராதம் உண்டா, வார்டின் பெயர் என்ன என்று 12 கேள்வி கேட்கிறது. அதுவே 576. மீதி 38 பக்கத்தின் மற்ற பகுதிகளுக்கு. மாறாத வார்டு பெயரை 48 முறை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வரியைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

பழைய சர்வர் பக்கத்து அறையில் இருந்தது. ஒரு கேள்வி போய் பதிலோடு திரும்ப அரை மில்லி வினாடி. 614 கேள்விக்கும் சேர்த்து வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் எழுதியவரின் சோம்பல் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது மென்பொருள் கவுன்டர் கணினியில், டேட்டாபேஸ் கிளவுடில். ஒரு முறை போய்வர 22 மில்லி வினாடி. 614-ஆல் பெருக்கினால் பதின்மூன்றரை வினாடி. கண்ணாடி இழைக்குள் ஒளி போகும் வேகமே வினாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான். 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர 10 மில்லி வினாடி கட்டாயம் ஆகும். அதற்கு மேல் ஃபயர்வால், விபிஎன் போன்ற பாதுகாப்பு அடுக்குகள், நடுவில் உள்ள ரூட்டர்கள். எவ்வளவு செலவு செய்தாலும் அந்த 10 மில்லி வினாடியைக் குறைக்க வழியில்லை. வண்டியை எவ்வளவு பெரிதாக்கினாலும் போய்வரும் தூரம் அதேதான். நடையைத்தான் குறைக்க வேண்டும்.

இதை இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, டிரேஸையும் இணைத்து அனுப்பினேன். பதில் வந்தது: "ஆய்வில் உள்ளது."

இடையில் 8 மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டினோம், அதாவது மென்பொருளையும் கிளவுடிலேயே ஓடவிட்டு அதன் திரையை மட்டும் கவுன்டரில் பார்த்தோம். மென்பொருளும் டேட்டாபேஸும் ஒரே இடத்தில் இருந்ததால் பக்கம் சட்டென்று திறந்தது. ஆனால் 2-ஆம் கவுன்டரில் கொடுத்த ரசீது 4-ஆம் கவுன்டர் பிரின்டரில் விழும். ஒருவருடைய ரசீதை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அதோடு விட்டுவிட்டோம். அக்கா ஒருநாள் சொன்னார், "உங்க மெஷின் என்னவோ செய்யட்டும் தம்பி, திட்டு எனக்குத்தானே விழுது." பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இனி நல்லதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அநியாயம்.

மாறிய ஏழாவது மாதம், ஒரு வார்டின் கேட்புத் தொகையைத் திருத்தப் போன ஆபரேட்டர் தவறான ஃபைலை ஏற்றிவிட்டார். அந்த வார்டு முழுக்க வரி இரட்டிப்பாகிவிட்டது. மணி 11.50. கை நடுங்கியபடிதான் கன்சோலைத் (கிளவுடை நிர்வகிக்கும் பக்கம்) திறந்தேன். அன்று காலை 11.42-க்கு டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அப்படி ஒரு நகல் வேண்டும் என்று கேட்டேன். 40 நிமிடத்தில் தனியாக ஒரு நகல் வந்து நின்றது. ஓடிக்கொண்டிருந்ததைத் தொடவே இல்லை. நகலிலிருந்து அந்த ஒரு அட்டவணையை மட்டும் எடுத்துச் சரிசெய்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் யாருக்கும் தெரியாமல் முடிந்தது. ஆபரேட்டர் பையன் அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது.

பழைய அறையில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இடம் மாற்றும்போது பழைய பேக்கப்பைத் திறந்து பார்த்தோம். தினமும் இரவு ஓடுவதாக நம்பியிருந்த பேக்கப், 7 மாதமாகத் தோல்வியில் முடிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும்தான். பீரோவில் பூட்டி வைத்திருந்த ஹார்டு டிஸ்கில் இருந்தது பழங்கதை.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோனில் அரசுத் தரவு மையம் எரிந்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட்டோடு போனது. வேறெங்கும் அதற்கு நகல் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எங்கள் பேக்கப் வேறு நகரத்தில் இருக்கிறதா என்று மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். கிளவுட் என்றால் தானாகவே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள். நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மீட்டுப் பார்க்க வேண்டும்.

சின்ன விஷயங்கள் இரண்டு. சில கிளவுடுகளில் விண்டோஸுக்குள் போய் ஷட் டவுன் செய்தால் பில் நிற்காது. கன்சோலில் அந்த மெஷினை முழுதாக விடுவித்தால்தான் நிற்கும். டிஸ்குக்கு அப்போதும் கட்டணம் உண்டு. எங்கள் சோதனை சர்வர் ஒன்று இப்படி நான்கு மாதம் பில் ஏற்றியது. இன்னொன்று, இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கினால் மட்டும் போதாது, இரண்டும் வேறு வேறு பள்ளத்தில் வருகின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் கிடந்தது, ஜேசிபி இரண்டையும் சேர்த்து வாரியபோதுதான் தெரிந்தது.

திருத்தம் ஒருவழியாக கடந்த மாதம் வந்தது. 614 கேள்வி 9 ஆனது. ஒரே ஸ்டோர்டு புரொசீஜரில் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைக்கும் நிரல்) எல்லாத் தவணையையும் சேர்த்து வாங்குகிறார்கள். பக்கம் ஒரு வினாடிக்குள் திறக்கிறது. எத்தனை நாள் வேலை என்று எழுதிய பையனிடம் தனியாகக் கேட்டேன். "மூணு நாள் சார். யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே." இத்தனை மாதம் என் கடிதம் எந்த மேசையில் கிடந்தது?

சந்தோஷப்பட வேண்டிய நாள் அது. என்னால் முடியவில்லை. அக்கா பழக்கம் விடாமல் இன்னும் என்டர் அடித்துவிட்டு எதிரே நிற்பவரிடம் "கொஞ்சம் இருங்க" என்கிறார். அவர் நிமிர்வதற்குள் பக்கம் வந்து நிற்கிறது.

நண்பரிடம் நான் சொன்ன பதில், "மாறாதீங்க." கவுன்டரில் அதிகம் திறக்கும் ஐந்து பக்கங்களுக்கு டிரேஸ் போட்டு எண்ணிப் பாருங்கள், மூன்று இலக்கத்தில் வந்தால் மென்பொருளைத் திருத்திய பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து, பக்கம் இத்தனை வினாடிக்குள் திறக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும் என்றேன். "அப்போ நீங்க பழைய ரூமுக்கே திரும்பிடுவீங்களா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

குடிநீர் இணைப்புப் பக்கம் இன்னும் 380 கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கான கடிதத்தை இன்று காலை அனுப்பியிருக்கிறேன், இந்த முறை அந்தப் பையனுக்கும் ஒரு நகல்.