தோள்வலிக்கு ராமநாதபுரம் போவதா, பக்கத்து கிளினிக் போதுமா?

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு இடுப்பும் முழங்காலும் பேசும். வலை இழுக்கும் ஆண்களுக்குத் தோள். வலி முற்றியதும் போவதற்கு இந்தக் கரையில் மூன்று வழிகள் உண்டு. எண்ணெய் போட்டு நீவிவிடுபவரையும் சேர்த்தால் நான்கு.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் எலும்பு மருத்துவர், எக்ஸ்ரே, பிசியோதெரபி என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பணச் செலவும் இல்லை. நோய் என்னவென்று தெரியாதவர்கள் இங்கிருந்து தொடங்குவதே சரி. ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வர வேண்டும். தோள் இறுக்கத்துக்கு மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும்போது, ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழந்து யார் வருவார்கள்? இரண்டாவது வாரமே நின்றுவிடுகிறார்கள்.

அந்த இடத்தில்தான் பக்கத்து ஊர் தனியார் கிளினிக் முந்துகிறது. பணம் வாங்குகிறார்கள், ஆனால் தொடர்ந்து போக முடிகிறது. கிளினிக்குகளிலும் தரம் ஒன்றுபோல இருப்பதில்லை. நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கையைத் தூக்கச் சொல்லி, எந்தக் கோணத்தில் நிற்கிறது, எந்தத் தசை வலுவிழந்திருக்கிறது என்று பார்ப்பார். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் கேட்பார். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். வலி கடுமையாக இருக்கும் தொடக்கக் கட்டத்தில் முறுக்கி இழுத்தால் இன்னும் மோசமாகும். பிறகு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, மறுமுறை செய்துகாட்டச் சொல்வார். தினமும் கரண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். கரண்ட் வலியைத் தணிக்கலாம், தசைக்கு வலு பயிற்சியால்தான் வரும். பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பக்கவாதம் வந்து படுத்துவிட்டவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதே வீட்டாருக்குப் பெரும்பாடு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள்; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். அவர்கள் தினமும் வர முடியாது. அதனால் வரும் நாளில் மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு, மற்ற நாட்களில் செய்யவைக்க வேண்டும். முதல் சில மாதங்கள்தான் அதிகம் தேறும் காலம் என்பதால் இதில் தள்ளிப்போடவே கூடாது.

நீவிவிடுபவரிடம் வெறும் அலுப்புக்குப் போகலாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு, விரல் நீலம் பாயும்வரை காத்திருக்காதீர்கள்.

இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போனால் இந்த நான்கையும் விட்டுவிட்டு அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.