கயிற்றுக் காதும் அதன் தையலும்: 4 வருடம் மரமேறிய அனுபவம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் புரையிடத்தில் (வீட்டை ஒட்டிய தோட்டம்) ரப்பர் போக எட்டுப் பத்து அயினியும் பலாவும் நிற்கின்றன. மழைக்கு முன் கொப்பு வெட்ட ஆள் கிடைப்பதில்லை. 4 வருடத்துக்கு முன் ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) வாங்கி நானே ஏறத் தொடங்கினேன். ஏறும் கயிற்றுக்குக் கம்பெனியே காது, அதாவது நுனியில் கொக்கி மாட்டும் வளையம், தைத்துத் தந்தது. உறை போட்ட அந்த வகைக் கயிற்றில் கைவேலை பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. இங்கே சொல்வது, மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டும் இன்னொரு கயிற்றைப் பற்றி: 16 மி.மீ. பாலியஸ்டர், மூன்று புரி (இழைக்கற்றை) முறுக்கியது, 3 மீட்டர் நீளம். காரபினர் என்ற பூட்டுக் கொக்கி மாட்டும் காதை நானே ஸ்ப்ளைஸ் செய்தேன், அதாவது நுனியைப் புரிபுரியாகப் பிரித்து, மடக்கி, கயிற்றுக்குள்ளேயே கோத்தேன்.

முடிச்சுப் போட்டால் ஆகாதா? ஆகும். ஆனால் கயிற்றின் பலத்தில் கால் பங்கையோ அதற்கு மேலோ முடிச்சு தின்றுவிடும். போதாததற்குப் பட்டையிலும் கொப்பிலும் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். ஒழுங்கான ஸ்ப்ளைஸில் இழப்பு 10 சதவீதத்தை ஒட்டித்தான்.

முட்டம் கடற்கரையில் வலை வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் என் முதல் காதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு புரியையும் 3 தடவைதான் கோத்திருந்தேன். அவர் இழுத்துப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முன்னும் பின்னும் முறுக்கினார். புரி நுனி வெளியே எட்டிப் பார்த்தது. "மக்களே, இது தும்புக் கயிறா? வழுக்குமில்லா! அஞ்சு போடு, அதுக்கப்புறம் மெலிய விடு" என்றார். அன்றிலிருந்து 40 சென்டிமீட்டர் பிரித்து, 5 முழுக் கோர்வை, பிறகு ஒவ்வொரு புரியிலும் இழைகளைக் குறைத்துக்கொண்டே இன்னும் 2.

அவர் ஏன் முறுக்கினார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பாரம் ஏறினால் புரிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆபத்து, கயிறு சும்மா கிடக்கும்போதுதான். பைக்குள் சுருண்டு, ஸ்கூட்டரில் குலுங்கி, திண்ணையில் பிள்ளைகள் கையில் மாட்டி, கோர்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதற்குத்தான் தையல். மெழுகு தேய்த்த நூலால் ஸ்ப்ளைஸின் உடம்புக்குள் குறுக்கும் நெடுக்கும் ஊசி ஓட்டி, முடியும் இடத்தில் கயிற்றின் தடிப்பைப் போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நூலை நெருக்கிச் சுற்றி முடிக்கிறேன். லைட்டரால் நுனியை உருக்கினால் போதும் என்பவர்கள் உண்டு. நானும் செய்தேன். உருகிய கட்டி கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிக் கையைக் கீறியது, பக்கத்து இழையையும் அறுத்தது.

இனி என் முட்டாள்தனம். தையல் அழகாக இல்லையென்று அதன்மேல் கறுப்பு டேப் சுற்றினேன். இரண்டாம் வருட மழையில் கயிற்றை ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில், ஆசிட் கேனுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தேன். ஐப்பசியில் எடுத்தபோது டேப் ஓரம் பிசுபிசுத்தது. உரித்துப் பார்த்தால், தையல் நூல் விரல் பட்டதும் பொடிந்தது. நான் தைத்திருந்தது வலை பின்னும் நைலான் நூல். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் நைலானைக் கரைத்தே விடும். பாலியஸ்டர் அதைத் தாங்கும், கயிறும் பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அதில் மறுபடி ஏற மனம் வரவில்லை. கூடவே தொங்கிய புருசிக் கயிறும் (ஏறும் கயிற்றைக் கவ்விப் பிடிக்க முடிச்சுப் போடும் சிறு கயிறு) நைலான், அதையும் எறிந்தேன்.

இப்போது 2 வருடமாக ஓடுவது இரண்டாவது கயிறு. நூலும் பாலியஸ்டர்தான், கயிறு வெள்ளை என்பதால் சிவப்பு நூல். ஒரு தையல் அறுந்தாலும் கண்ணில் குத்தும். மேலே டேப் இல்லை, ட்யூப் இல்லை. ஏறும் முன் முட்டத்துப் பெரியவர் மாதிரியே முறுக்கிப் பார்க்கிறேன். அயினிப் பால் ஒட்டிக் காது விறைத்துப்போவது மட்டும் தீராத தொல்லை. கையில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தேய்க்கலாம், கயிற்றில் அது வேண்டாம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப் போடுகிறேன், முழுசாகப் போவதில்லை.

பழைய கயிற்றை யாரும் தெரியாமல் எடுத்து ஏறிவிடக் கூடாதென்று காதை வெட்டிவிட்டேன். இப்போது அதில் பசு நிற்கிறது.